சும்மா இருந்த பெட்டி

மாலை நாலு மணி பதினேழு நிமிஷம். சேதி வந்த நேரம் அது. சோதனைக்கூடத்து ஆளு நான், நேரத்தைத் துல்லியமாத்தான் சொல்வேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் விதிக்குழுத் தலைவர் அவர்களே, வரி வரியாய் விதி வகுத்த வல்லுநர்களே, காப்பி ஆறுதேன்னு கவலைப்படும் பெரியோர்களே, தாய்மார்களே, முதல் வரிசையில என் முகத்தையே பார்க்கும் அத்தை, மகளைப் பறிகொடுத்த உங்களுக்கும் வணக்கம்.

கார்ப் பெட்டியைச் சோதிக்கிற நம்ம விதிக்கு இது பத்தாவது ஆண்டு விழா. வாழ்த்தச் சொன்னீங்க. வாழ்த்தாம விடுவேனா?

கார் மோதினா, உள்ளே இருக்கிற பெட்டி தானாவே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். ரேடியோ அலை அதைக் குழப்பக் கூடாது. அதுக்குத்தான் சோதனை. வெளி அலை புகாத கவச அறையில வெச்சு அலையை அடிப்போம். படிவத்துல ஒரே கேள்வி: ‘கருவி சும்மா இருந்ததா?’ இருந்தா தேர்ச்சி. வீணா யாரையும் கூப்பிடலையே. என்ன அடக்கம், என்ன அமைதி, என்ன அருமையான பிள்ளை.

“அது கூப்பிடும்போது அலை அடிச்சா என்னாகும்?”னு நாலு வருஷம் முன்னாடி கேட்டேன். தலைவர் தோளைத் தட்டினார். “விதியில இல்லாததை ஏன் தம்பி கேக்குற? கையெழுத்தைப் போடு, சாப்பாட்டுக்கு நேரமாச்சு.”

போட்டேன். நானும்தான் போட்டேன்.

ஒலிபரப்புக் கோபுரத்துக்குக் கீழே, மூணு முப்பத்தஞ்சுக்கு, என் மனைவியோட கார் தடுப்புச் சுவர்ல மோதிச்சு. பெட்டி மூணு தடவை கூப்பிட்டிருக்கு. கோபுரத்து அலையில மூணும் சிதறிப் போச்சு. அப்புறம்? சும்மா இருந்தது. நாற்பத்திரண்டு நிமிஷம். அந்த வழியா வந்த லாரி டிரைவர்தான் அவ போன்லேருந்து பேசினார்.

“சார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அங்க லைன் கிடைக்கல, தள்ளி வந்து பேசுறேன். அக்காகிட்ட பேச்சுமூச்சு இல்ல சார். வண்டியில ஏதோ பச்சை விளக்கு மட்டும் எரியுது.”

பெட்டியில பச்சைன்னா என்ன அர்த்தம், வல்லுநர்களே? ‘தயாரா இருக்கேன்.’

“அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா...”ன்னு ஆரம்பிச்ச டாக்டர், என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டார்.

யாரது பின்னாடி, “உட்காரச் சொல்லுங்க”ங்கிறது? உட்கார்றேன் ஐயா. அவளுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் கொடுத்தீங்க, எனக்கு ரெண்டு நிமிஷம் கிடையாதா?

ஒரே ஒரு வரி கேக்குறேன். ‘கூப்பிடும்போது அலையை அடி, கூப்பிட்டது போய்ச் சேர்ந்ததா பாரு.’ இடம் இல்லையா? விழா மலர்ல தலைவர் படம் பதினொண்ணு இருக்கு, ஒண்ணைக் குறைங்க. அந்த வரி ஏறுற வரைக்கும் எந்தப் பெட்டிக்கும் என் கையெழுத்து இல்ல.

தலைகுனிஞ்சவங்களுக்கு நன்றி, கைதட்டாத கைகளுக்கும் நன்றி, வணக்கம். பழைய படிவத்துக்குக் கையெழுத்து வேணும்னா என்னைக் கூப்பிட்டுப் பாருங்க. மூணு தடவை கூப்பிடுங்க. நான் சும்மா இருப்பேன். ‘தேர்ச்சி’ன்னு எழுதிக்கோங்க.

போனை அணைச்சிட்டேன்.