கோமளா தோட்டத்துத் தக்காளி

"திருடினது அந்தத் தக்காளிக்கே தெரிஞ்சிபோச்சுடி."

தொண்ணூறுகளில் ஒரு காலை, நசரத்பேட்டையில் பஸ் ஏறிய கூடைக்காரப் பெண் தன் நாத்தனாரிடம் இப்படிச் சொன்னாள். நான் பின்சீட்டில் இருந்தேன்.

"யார் ஊட்டுத் தக்காளி, அண்ணி?"

"பக்கத்துத் தோட்டத்துக் கோமளாது. எல்லாம் ஒரே அளவு, செக்கச்செவேல்னு காச்சிக் கெடந்தா வயிறு எரியாதா? ரெண்டு பழத்த மடியில கட்டிகினு வந்து, வெதைய சாம்பல்ல பொரட்டி, காயவெச்சி நட்டேன். இப்போ ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. ஒண்ணுல கோலி குண்டாட்டம் காயி, இன்னொண்ணுல காயே இல்ல. அவ இன்னாவோ செஞ்சி வெச்சிகீறா."

"அவ ஒண்ணும் செய்யல. அது ரெண்டு ஜாதியக் கலந்து பண்ண ஹைபிரிட்டு. மொத தபா மட்டும்தான் அப்பிடி ஒண்ணு போல காய்க்கும். அந்தப் பழத்துலேர்ந்து வெதை எடுத்தா தாத்தா கொணம், பாட்டி கொணம்லாம் தனித்தனியா வந்துடும். நான் வேலை செய்ற வெதைக் கடையிலதான் வருசா வருசம் புது பாக்கெட்டு வாங்கிகினு போறா."

"அப்போ அவளே வெதை எடுத்து நட்டாலும்?"

"இதே கதிதான்."

பூந்தமல்லி வந்ததும் அண்ணி எழுந்தாள். இறங்கும்போது கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிம்மதியாகச் சொன்னாள்:

"அப்போ சரி."