மேசைக்கடியில் ஒரு சுவிட்ச்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல நாற்காலி என்பார்கள் ஐயா. தப்பு. முதலில் வேண்டியது கதவு. நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஒரு பிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டுவதை மரியாதையாக வாங்கிக்கொள்ளும் வேலை. இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் தனியறை வேண்டும், பின்னணியில் சத்தம் கூடாது என்றார்கள். முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தோதாக இருந்தது அண்ணனின் அறைதான். பிளைவுட் வைத்து அதை இரண்டாகத் தடுத்தேன். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "எனக்குக் கட்டில் போட எடம் இருந்தா போதும்டா. மிச்சத்தை நீ எடுத்துக்கோ" என்றார். ஜன்னல் என் பக்கம் வந்தது. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா.

அண்ணனுக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. கட்டிலைவிட்டு இறங்கினாலே மூச்சு வாங்கும். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம். அது விடாமல் உறுமும். பஞ்சு, தெர்மோகோல் எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். சத்தம் தரை வழியாக வந்தது. ஒரு நாள், தன் பிரிட்ஜ் இரைகிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நடுவில் நிறுத்தி, "தம்பி, உங்க வீட்டு பிரிட்ஜும் இரையுதே. முதல்ல அதைப் பாருங்க" என்றார். அண்ணனிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். என் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை, மார்க்கைக் குறைத்தார்.

வழி சொன்னதும் அண்ணன்தான். பாத்ரூம் போய்வரும் நேரம் அவரால் குழாய் இல்லாமல் தாங்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "முக்கியமான போன் வந்தா சொல்லு, நானே அணைச்சுக்கறேன்" என்றார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மியூட். "அண்ணா, கொஞ்சம் மியூட்" என்பேன், அணைப்பார். அண்ணிக்குத் தெரியாது. அவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு தடவையும் எக்கி அணைப்பது அண்ணனுக்குச் சிரமமாக இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவிட்சை என் மேசைக்கடியில் மாற்றிக்கொண்டேன். அவர் நன்மைக்குத்தான். கரண்ட் நின்றால் கத்துகிற அலாரம் ஒன்று அந்த இயந்திரத்தில் உண்டு. அதன் பேட்டரியையும் கழற்றினேன், அண்ணன் தூக்கம் கெடக் கூடாதே என்று. போன் பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. ஒரு தடவை எட்டிப் பார்த்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. "பழகிடுச்சாண்ணா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரா, இல்லையென்றா, அதை நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கேமரா வழியாக நேரலையில் பரிசோதித்தார்கள். வேலை நிலைப்பதும் போவதும் அதில்தான். சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாதியில் அண்ணன் பிளைவுட்டைத் தட்டினார். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால்.

"என்னங்க அங்க சத்தம்?" என்றார் அதிகாரி.

"பக்கத்து வீட்டுல ரிப்பேர் வேலை சார். இப்ப முடிஞ்சிடும்."

முடிந்தது. அதிகாரிக்கு மிகுந்த திருப்தி. வீட்டில் ஆபீஸ் போட்டால் இப்படிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

சுவிட்சைப் போட மறந்துவிட்டாயா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அண்ணியும் அப்படித்தான் சொல்லி அழுகிறார், வேலை மும்முரத்தில் பிள்ளை மறந்துவிட்டான் என்று. மறக்கவில்லை ஐயா. அவர் தட்டியபோது என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. நின்ற பிறகும் அங்கேயே இருந்தது. அந்த அறை அப்போதுதான் நான் ஆசைப்பட்ட மாதிரி ஆனது. அடுத்த போனை எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். அண்ணி வந்து கதவைத் திறந்தபோதும் ஒரு வாடிக்கையாளருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நான் கேட்டு எதையும் இல்லையென்று சொன்னதில்லை. இதையும் கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார். போனில் இருந்ததால் கேட்க முடியவில்லை.