வியாழனுக்கு நிறைய நிலா

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகும் பேருந்து. ரமலான் நோன்பின் கடைசி நாள். எனக்கு முன் இருக்கையில் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்த சிறுமி, தன் தாயிடம் கேட்டாள்.

"பூமிக்கு ஒரே நிலாதானேம்மா? அப்பறம் ஏன் சவூதியில அத்தாவுக்கு இன்னிக்கே பெருநாள், நமக்கு நாளைக்கு?"

"அங்க நேத்தே பிறை தெரிஞ்சிடுச்சு. இங்க இன்னிக்குத்தான் பாக்கணும்."

"நாளைக்கு அத்தா என்ன செய்வாங்க?" என்று தன் தந்தையைப் பற்றிக் கேட்டாள்.

"கடைக்கு வேலைக்குப் போயிடுவாங்க."

சிறுமி பக்கத்தைப் புரட்டினாள்.

"வியாழனுக்கு நெறைய நிலா இருக்காம். நாம எல்லாரும் அங்க போயிட்டா, ஒரு பெருநாளாவது சேந்து வரும்ல?"

தாய் ஜன்னல் வழியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்கயும் அத்தாவுக்கு மட்டுந்தான் விசா கொடுப்பாங்க."