மூன்றரைக்கு நான் அங்கே நின்றேன்

பெயர்: றோசலின் இக்னேசியஸ். வயது: 72. கணவரை இழந்தவர். கனடாவின் ஸ்காபரோ நகரில் தொடர்மாடியொன்றின் எட்டாம் மாடியில் தனியே வசிப்பவர். திகதி: 12.10.1996. தமிழில் எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் துர்க்கா.

எனக்கு ஆங்கிலம் தெரியும். கன்னியர் மடத்தில் படித்தவள். ஆயினும் என் ஞாபகம் பிசகிவிட்டது, இனித் தனியே விடமுடியாது என்று என் மகன் சீமோன் பொலிஸ் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னதால், என் பக்கத்தை என் மொழியில் பதியக் கேட்டேன்.

இன்று காலை ஒன்பதரைக்கு முதியோர் சங்கத்துப் பஸ்ஸில், நகருக்கு வெளியே உள்ள பழைய மாளிகைத் தோட்டத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். அருகில் இருக்க வந்த வேரோனிக்கா அதிகம் பேசுபவர் என்பதால், அந்த இருக்கையில் என் கைப்பையை வைத்தேன். அவர், "ஏன் அக்கா, உங்கட பைக்கும் ரிக்கற் எடுத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போனார்.

அங்கே சேர்ந்ததும், மூன்றரைக்குப் பஸ்ஸடிக்கு வரவேண்டும் என்று செயலாளர் இராசரத்தினம் சொன்னார். அதன் பின்னர் மற்றவர்கள் மாளிகை முன் படம் எடுக்க, நான் காட்டுப் பாதையில் நடந்தேன். பாதை குளத்தைச் சுற்றி வருகிறது; மரங்களில் மஞ்சள் அடையாளம் உண்டு; வழி தவற இடமில்லை. குளக்கரையில் உள்ள மரவாங்கில் இருவர் இருக்கலாம். நான் ஓர் ஓரமாக இருந்து உணவருந்தினேன். அதன் பின்னர் மழை தூறியது. மூன்று இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தேன். பஸ் இல்லை.

மழைக்காக மூன்று மணிக்கே புறப்பட்டிருக்கிறார்கள். இராசரத்தினம் பின்னர் தொலைபேசியில், "அன்ரி, பக்கத்தில இருந்த ஆக்கள் வந்திட்டினமோ எண்டு கேட்டனான். எல்லாரும் ஓம் எண்டவை" என்றார். அவர் சொல்வது சரி. என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

பஸ் திரும்பி வரும் என்று இரண்டு மணிநேரம் வாயிற்கூரையின் கீழ் நின்றேன். யாரிடமும் கேட்கவில்லை, நான் பிந்தி வந்ததாக நினைப்பார்கள். ஐந்தரைக்கு வாயிலைப் பூட்ட வந்த காவலாளி பொலிஸை அழைத்தார்.

அதிகாரியின் தாளில் 'காணாமற்போன மூதாட்டி' என்று இருந்தது. முறைப்பாடு செய்தவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். மகனுக்கும் பொலிஸார் சொல்லித்தான் தெரியும். ஆகவே அதை வெட்டக் கேட்டேன், வெட்டினார்.

அதன் பின்னர் மகன், "ஏனம்மா உந்தப் பிடிவாதம்? பிறம்ரனுக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ, கீழ பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்குது" என்றார். அந்த வீட்டில் பகல் முழுவதும் ஒருவரும் இருப்பதில்லை. நான் என் வீட்டுக்கே போவேன்.

அடுத்த பயணத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொள்வேன். இந்த வரி தேவையில்லை என்று துர்க்கா சொன்னார். எழுதச் சொன்னேன்.

இதை நானே இருமுறை வாசித்து, ஒரு பிழையைத் திருத்தினேன். மிகுதி யாவும் நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்) றோசலின் இக்னேசியஸ்