‘மூன்றாம் ஷிப்ட்’ ஆல்பத்துக்கு என் தீர்ப்பு

உலக இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் தயவுசெய்து பேனாவைக் கையில் எடுத்துக்கொள்ளவும். 2005 முதல் 2008 வரை, டிரோன் மெட்டல் என்னும் இசை வகையின் தென்னிந்தியத் தலைமை மதிப்பீட்டாளர், திருப்பூர் மங்கலம் சாலையில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தார். கன இசை மதிப்பீட்டு மன்றத்தின் தலைவரும் செயலாளரும் அவரே. மன்றத்துக்கு லெட்டர் பேடுகூட உண்டு. தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் இல்லை, ஓட்டுப் போடவும் ஆள் இல்லை. பெயர் மயில்சாமி. நான்தான்.

பிழைப்புக்கு ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தேன். எங்களிடம் சரக்கு வாங்குகிற, ஆடிட் பண்ண வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் கிளம்பும்போது என்னிடம் ஏழெட்டு சிடிகளை விட்டுப் போனார். அவருடைய சிநேகிதர் அங்கே சிறிய ரெக்கார்டு கம்பெனி நடத்துகிறாராம். கேட்டுப் பார்த்தேன். கிதாரின் தந்தியைத் தளர்த்தி, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி, ஒரே ஒரு அடி. அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை பதினைந்து நிமிஷம் காத்திருப்பார்கள். தாளம் இல்லை, பாட்டு இல்லை. காதால் கேட்பதைவிட நெஞ்செலும்பால் கேட்பது அதிகம். முதல் நாள் கீழே இருந்து வீட்டுக்கார அம்மா செல்லாத்தாள் படியேறி வந்தார்.

“ஏனுங்க மயில்சாமி, கிரைண்டர ஆப் பண்ண மறந்துட்டீங்களாட்டம் இருக்குது. மாவு வழிஞ்சிரப் போகுதுங்க.”

எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. வீட்டில் வேறு சத்தம் எதுவும் கிடையாது. மகளின் படிப்புக்காக என் மனைவி கமலாம்பாள் கோயமுத்தூரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். படிப்பு முடிந்து நாலு வருஷம் ஆகியும் அங்கே ஏதோ வேலை மிச்சம் இருந்தது.

ஜெபக்குமார் எங்கள் கம்பெனிக்குத் துணி ஓட்டிக் கொடுத்த நிட்டிங் ஷெட்டில் மெஷின் ஆபரேட்டர். சாத்தான்குளம் பக்கம். சர்ச்சில் கிதார் வாசித்துப் பழகியவன். நிட்டிங் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது எழும் சத்தத்தை எட்டு வருஷம் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு, அதையே கிதாரில் வாசித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அப்படி ஓர் இசை ஏற்கெனவே உலகத்தில் இருப்பது தெரியாமலேயே நாற்பத்தெட்டு நிமிஷத்துக்கு நாலு உருப்படி செய்துவிட்டான். ‘மூன்றாம் ஷிப்ட்’ என்று பெயர். யாரோ என் பெயரையும் அந்த வெளிநாட்டு சிடி கதையையும் சொல்லி அனுப்ப, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் சிடியும் ஒரு பொட்டலம் மிக்ஸரும்.

“அண்ணாச்சி, இத யாருட்ட போட்டுக் காட்டினாலும் மெஷின் ரிப்பேர்ங்காக. நீங்க ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க. பாஸ்னா அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பிருவோம். இல்லன்னா சோலி முடிஞ்சிட்டு.”

போட்டேன். இரண்டாவது உருப்படி பதினாலு நிமிஷம். டீப்பாய் மேல் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். ஒன்பதாவது நிமிஷத்தில் அந்தப் பெருஞ்சத்தத்துக்கு உள்ளிருந்து மெல்லிசாக இன்னொரு குரல் கிளம்பியது. பக்கத்து அறையில் யாரோ வேலை செய்துகொண்டே முணுமுணுப்பதுபோல. அதை அவன் வாசிக்கவில்லை, சத்தம் தானாகப் பெற்றெடுத்தது. நான் எழுந்துபோய்ப் பக்கத்து அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை.

எங்கள் தொழிலில் செக்கிங் டேபிளுக்கு வரும் பீஸுக்கு மூன்றே விதி. பாஸ், ரிஜெக்ட், ஆல்டர். பாஸ் என்றால் பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறும், திரும்பி வராது. ரிஜெக்ட் என்றால் நடுவே கத்தரியால் வெட்டிவிடுவோம், அதுவும் திரும்பி வராது. குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்கு அனுப்பினால் மட்டும், சரி செய்துகொண்டு அதே செக்கரிடம் திரும்ப வந்தாக வேண்டும்.

சிடி உறையில் அவனே உருப்படி வாரியாக நிமிஷம் குறித்திருந்தான். ஒன்பதாவது நிமிஷத்துக்கு நேராக ஒரு அம்பு ஒட்டினேன்.

“இந்த எடத்துல ஏதோ முனகறாப்பல இருக்குது கண்ணு. அத எடுத்துப்போட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டா.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ரிஜெக்ட் இல்லை அல்லவா. அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து மிக்ஸரைத் தீர்த்தோம்.

அதன்பின் இது ஒரு வழக்கமாயிற்று. ஞாயிறு காலை நான் அரைக் கிலோ கோழி எடுத்து வந்து குழம்பு வைப்பேன், இரண்டு தட்டு கழுவி வைப்பேன். பதினோரு மணிக்கு அவன் வருவான். சிடியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பேசாமல் உட்கார்வதற்கும் இரண்டு ஆள் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பிட்டபின் நான் அம்பு ஒட்டுவேன். அவன் பஸ் ஏறி மங்கலத்துக்குப் போய், லீவு நாளில் சும்மா கிடக்கும் ஷெட்டில் ஆம்ப்ளிஃபயரை வைத்துப் பொழுது சாயும்வரை வாசிப்பான்.

அந்த முனகலை ஐந்தாவது முறை எப்படியோ எடுத்துவிட்டான். எடுத்தபின் ஆல்பம் கொஞ்சம் சோடை போயிற்று. அதற்கும் ஒரு அம்பு ஒட்டினேன். கீழ் சுருதி போதுமான அளவு கீழே இல்லை என்றேன். மூன்றாவது உருப்படியில் மௌனம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்றேன். நாலாவதில் மௌனம் வர நேரமாகிறது என்றேன். எல்லாம் லெட்டர் பேடில் எழுத்துமூலம், மன்றத்தின் முத்திரையோடு. கம்பெனியில் என்னோடு இருந்த சீனியர் செக்கர் கன்னையன் ஒருநாள் கேட்டார்.

“அந்தப் பையன் இன்னுமா ஆல்டருல இருக்கறானுங்க? பனியனா இருந்தா இந்நேரம் தையல் பிரிச்சுப் பிரிச்சுத் துணியே காணாமப் போயிருக்குமுங்க.”

தரம் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

2007 ஆடியில் ஜெபக்குமாரின் மனைவி ஞானசெல்வி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அவுகளுக்கு ஒரு காது போயிட்டு. ஆஸ்பத்திரியில காட்டுனோம். இன்னும் இந்தச் சத்தத்துக்குள்ளயே கெடந்தா ஒரு வருசத்துல மத்ததும் போயிரும்னுட்டாக. நிறுத்துங்கன்னா, அண்ணாச்சி பாஸ் போடட்டும், அன்னைக்கே கிதார வித்துருதேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதாக. காது இருக்கையிலே உங்க வாயால நல்லாருக்குன்னு கேட்டுறணுமாம். ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணாச்சி. பொய்யா இருந்தாலும் பரவால்ல.”

“பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க அம்மிணி,” என்றேன்.

அந்தப் பதிலில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது காதுகளில் பஞ்சு இருந்தது. இரவு ஷிப்ட்டிலும் வாசிக்கும்போதும் வைக்கச் சொல்லி அவள் வாங்கிக் கொடுத்ததாம், காலையில் எடுக்க மறந்துவிட்டானாம். அன்றைய சிடியில் எங்கே அம்பு ஒட்டுவது என்று தேடினேன், இடம் கிடைக்கவில்லை. அதனால் இப்படிச் சொன்னேன்:

“பஞ்ச வெச்சுட்டு வாசிச்சா கீழ் சுருதி எப்படிக் கண்ணு தெரியும்? எடுத்துப்போட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் கிட்ட உக்காந்து ஒருக்கா வாசிச்சுப் பாரு.”

“சரி அண்ணாச்சி,” என்றான். பஞ்சை எடுத்து என் வீட்டு ஜன்னல் வழியாகவே எறிந்தான்.

பிற்பாடு, எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோல விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் கலைப் படைப்பைத் திருத்தச் சொன்னது எந்தப் பிரிவிலும் வராது என்றார். ஆகவே இது கேட்டு வாங்கப்பட்ட வாக்குமூலம் அல்ல. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இங்கே பொதுவாகவே என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கடைசியாக அவன் வந்தது 2008 செப்டம்பரில். கரண்ட் கட் உச்சத்தில் இருந்த மாதம். சிடியைப் போட்டேன். அவன் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஆறாவது நிமிஷம் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது, பிளேயர் நின்றது, தெருவில் ஒரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.

ஜெபக்குமாரின் தலை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

தொட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நெற்றியில் வேர்த்தது, துடைக்கவில்லை. இரண்டாவது உருப்படியின் ஒன்பதாவது நிமிஷம் என்று நான் கடிகாரத்தில் கணக்கு வைத்த இடத்தில் அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அவன் எடுத்துப்போட்ட முனகல் அவனுக்குள் இன்னும் இருந்தது. நாற்பத்தெட்டாவது நிமிஷம் கண்ணைத் திறந்தான்.

“எப்பிடி இருக்கு அண்ணாச்சி?” என்றான். தெருவுக்கே கேட்கிற குரல். தன் குரல் அளவு அவனுக்குத் தெரியவில்லை.

நல்லாருக்குது என்று சொன்னால் கேட்கிற காது இல்லை. எழுதித்தான் காட்ட வேண்டும். லெட்டர் பேடை எடுத்தேன். ‘பாஸ்’ என்று எழுத மூன்று வினாடி ஆகும். கோழிக் குழம்பு இறக்கி மூடி வைத்திருந்தது. இரண்டு தட்டும் கழுவி ஈரத்தோடு இருந்தன.

‘நாலாவது மட்டும் ஆல்டர். அடுத்த ஞாயிறு வரவும்’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தான். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினேன். ஷெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று உரத்த குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிவரை பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறும் பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போய் விசாரித்தேன். மெஷின் நூல் அறுந்து தாறுமாறாக ஓடிய சத்தம்கூடக் கேட்காமல் நின்றுகொண்டிருந்தானாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஞானசெல்வி அவனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். விலாசம் தெரிந்தவர் யாரும் இல்லை.

மன்றம் தன் பணியைப் பாதியில் விடுவதில்லை. எல்லாச் சிடிகளையும் வரிசையாக வைத்து, தொடக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் கேட்டு முடித்தேன். நான் அவனிடம் கண்டிப்பாக இருந்தது அந்த ஆல்பம் உலகத் தரத்துக்கு உயர வேண்டும் என்பதற்காகத்தான். இதை யாரிடமும் நிமிர்ந்து சொல்வேன். இறுதித் தீர்ப்பை லெட்டர் பேடில் எழுதி முத்திரையும் வைத்தாயிற்று. அனுப்ப விலாசம் இல்லாததால் இங்கே வெளியிடுகிறேன்.

அவன் முதல் ஞாயிறு கொண்டுவந்த சிடி பாஸ். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.