கடைசி பஸ்

கதிரையில் ஒழுங்காக இருக்கவும் தெரியாத பிள்ளை, என்று நினைத்தேன். சத்தியபாமா கதிரை நுனியில் இருந்து அழுதாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். கேட்க வந்ததைக் கேட்க முன்னமே அழுதுவிடுவார்கள்.

புங்குடுதீவில் மனோவசியம் செய்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே புத்தகங்களை வைத்துப் பழகினேன். பல்லுக்கொதி, தலையிடி என்று சனம் வந்தது. கண்ணை மூடச் சொன்னால் ஒற்றைக் கண்ணால் பார்க்கும். "பேய் பிடிக்காதே ரீச்சர்?" என்று கேட்கும். முடிந்ததும் விபூதிக்குக் கை நீட்டும்.

முழுதாக வசப்பட்டவள் சத்தியபாமாவின் தாய் இராசமணி ஒருத்திதான். எண்பத்துமூன்று கலவரத்தில் தெற்கில் அவர்களுடைய கடையை எரித்தபோது மகன் இராசநாயகம் உள்ளே இருந்தான். உடல் வரவில்லை. தாய்க்கு நித்திரையும் வரவில்லை. "கொஞ்சம் கண்ணயர வையுங்கோ" என்றுதான் கூட்டிவந்தார்கள். வைத்தேன். ஒருவரும் கேட்காத ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொன்னேன்: "மகன் கடைசி பஸ்ஸில வருவான். வீட்டில நில்லும்."

ஆறுதலுக்குச் சொன்னதாக நினைத்து, சத்தியபாமா எனக்கு வாழைக்குலை கொண்டுவந்தாள். ஒரு வசனம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்கத்தான் சொன்னேன்.

நன்றாகவே நின்றது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த ஐயரை, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ?" என்று இராசமணி படலையிலேயே திருப்பி அனுப்பினாள். திவசங்களும் அப்படியே போயின. பின்னேரங்களில் மகனுக்குச் சோறு மூடி வைத்தாள். நான் அடிக்கடி போய்ப் பார்த்து வருவேன்.

தொண்ணூற்றொன்றில் ஆமி வருகிறதென்று ஊர் வெளிக்கிட்டது. பஸ் நின்று கனகாலம். இராசமணி மட்டும் அசையவில்லை.

"தூக்கப் பாத்தம் ரீச்சர், பக்கத்து வீட்டு அண்ணையின்ர கையைக் கடிச்சுப்போட்டா. விடிய வள்ளம் போகுது. நீங்கள் எழுப்பிவிட்டா வருவா," என்றாள் சத்தியபாமா, கதிரை நுனியில் இருந்தபடி.

உண்மைதான். ஒரு சொல் போதும். ஆனால் எழும்பினால் அவளும் இந்தச் சனத்தில் ஒருத்தியாகிவிடுவாள்.

"கொம்மா சந்தோசமாத்தானே இருக்கிறா?"

"தனிய விட்டா செத்துப்போவா, ரீச்சர்."

"சந்தோசமாத்தானே?"

அவள் என் காலைப் பிடித்தாள். மெல்ல இழுத்துக்கொண்டேன். கட்டிவைத்த என் பெட்டி வாசலில் இருந்தது. அதே வள்ளத்தில் எனக்கும் இடம் சொல்லியிருந்தேன்.

"ஏலாது, பிள்ளை," என்றேன். "நம்பிக்கையோட இருக்கிற மனுசியைக் குழப்புறது பாவம்."