மழைக்குத் திறந்த பள்ளிக்கூடம்

பெர்னடெற்: பொலிசுக்கு ஒரே ஒரு வரி எழுதித் தாங்கோ, அண்ணை. "அண்டைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் பூட்டு." நீங்கள்தானே செயலாளர்.

சண்முகராசா: முதல்ல இரும் பிள்ளை. அந்தக் கதிரை வேண்டாம், அது நேர்சரிக் குஞ்சுகளின்ர... ஓம், இதில. கன்ரீன் வேலைக்குப் போகேல்லையோ?

பெர்னடெற்: சனிக்கிழமை எந்தப் பள்ளிக்கூடக் கன்ரீன் திறந்திருக்கு? கதையை மாத்தாதேங்கோ. ஜூன் பதினாலு, பார்க்கில விளையாட்டுப் போட்டி, வகுப்பு இல்லை. நீங்கள் அடிச்ச கலண்டரில அப்பிடித்தானே கிடக்கு.

சண்முகராசா: எங்கட கலண்டரை வாசிச்ச ஒரே தாய் நீர்தான். மற்றவை அதில வடை சுத்துகினம்.

பெர்னடெற்: பகிடி விடாதேங்கோ. அடுத்த கிழமை என்ர பிள்ளை ஜதுசனுக்குத் தீர்ப்பு.

சண்முகராசா: சரி, சரி... பொலிஸ் எங்களிட்ட என்ன கேட்டிருக்கினம் எண்டு விளங்கினதோ?

பெர்னடெற்: ஜதுசன் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கக் கேற்றடியில நிண்டு கஞ்சா வித்த நேரம்... உள்ளுக்குப் பிள்ளையள் இருந்தவையோ எண்டு.

சண்முகராசா: அதை ஏன் கேக்கினம்? அங்கதான் விசயம் இருக்கு. வித்தது எங்க எண்டாலும் அதே குற்றம்தான். ஆனா பதினெட்டுத் தாண்டின ஆள் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வித்தால், நீதிபதி அதைப் பாரமா எடுக்கத்தான் வேணும். விட ஏலாது. எல்லாருக்கும் முன்னால வாயால சொல்லவும் வேணும்.

பெர்னடெற்: அவனுக்கு இருபத்தி மூண்டு...

சண்முகராசா: தெரியும். இப்ப, "கிட்ட" எண்டா எவ்வளவு? இத்தினை மீற்றர் எண்டு இந்த நாட்டுச் சட்டத்தில இல்லை, அது நீதிபதியின்ர யோசனை. நேரம்தான் அச்சொட்டா இருக்கு. பிள்ளையள் கட்டடத்தைப் பாவிக்கிற நேரம், அதோட தொடங்க முன்னம்...

பெர்னடெற்: ஒரு மணித்தியாலம். முடிஞ்ச பிறகும் ஒரு மணித்தியாலம்.

சண்முகராசா: அட... உமக்கு எப்பிடி?

பெர்னடெற்: ...லோயர் சொன்னவர். இந்தப் பாரம் ஏறாட்டில் வெளியில நிக்க ஒரு சான்ஸ் இருக்காம். ஏறினால் உள்ளுக்குத்தானாம். சனிக்கிழமை இங்கிலீஸ் பள்ளிக்கூடம் இல்லைத்தானே, அண்ணை?

சண்முகராசா: அவை இல்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கிறமே! கட்டடம் அதே கட்டடம், உள்ளுக்கு இருக்கிறது சின்னப் பிள்ளையள். கணக்குப் படிச்சாலென்ன, ஆனா ஆவன்னா எழுதினாலென்ன, சட்டத்துக்கு எல்லாம் ஒண்டுதான்.

பெர்னடெற்: அண்டைக்கு ஒண்டும் எழுதேல்லையே! பார்க்கில...

சண்முகராசா: பார்க் முழுக்க வெள்ளம். எல்லாரும் ஹோலுக்கு வாங்கோ எண்டு காலமை ஏழரைக்கே குரூப்பில போட்டனான். நீர் பாக்கேல்லையோ?

பெர்னடெற்: நான் குரூப்பை விட்டு வெளிக்கிட்டது அதுக்கும் முந்தி.

சண்முகராசா: ஏன்?

பெர்னடெற்: இந்த மிச்சம் ஊர் முழுக்க அப்பவே அவன் விக்கிற கதைதானே. ஆரும் அதில போட்டால்... என்னால வாசிக்க ஏலாது. அண்டைக்கு எத்தினை பிள்ளையள் வந்தவை?

சண்முகராசா: முப்பத்தொண்டு. ஹோலுக்குள்ள சாக்கோட்டம் வைச்சு, பெனிற்றா ரீச்சரும் ஓடுறன் எண்டு வெளிக்கிட்டு, கால் சுளுக்கி... அது ஒரு பதினொரு மணி இருக்கும்.

பெர்னடெற்: அவனும் பதினொரு மணிக்குத்தான் நிண்டவன்.

சண்முகராசா: ஓம்.

பெர்னடெற்: அப்ப கடிதம் வேண்டாம். கலண்டரை மட்டும் கொப்பி எடுத்து அனுப்புங்கோ. அது பொய் இல்லையே?

சண்முகராசா: பொய் இல்லை. ஆனா நடந்ததும் அது இல்லை. இஞ்ச ஒரு பிள்ளை வந்தால் ஒரு கையெழுத்து, போனால் ஒரு கையெழுத்து. நெருப்புப் பிடிச்சால் வெளியில நிப்பாட்டி எண்ணுறதுக்கு. அந்தத் தாள் இருக்கு.

பெர்னடெற்: உங்கட அலுமாரியில.

சண்முகராசா: என்ர அலுமாரியிலதான்.

பெர்னடெற்: தாள் துலையிறதுதானே, அண்ணை... போன வருசம் பரீட்சைத் தாளையே ஒரு கட்டாத் துலைச்சனீங்கள்.

சண்முகராசா: அது துலைஞ்சது. இது... வியாழக்கிழமையே பொலிசுக்கு அனுப்பிப்போட்டன், பிள்ளை.

பெர்னடெற்: அந்தத் தாளையோ?

சண்முகராசா: தாளும் கடிதமும். நீர் உள்ளுக்கு வரேக்கையே சொல்லியிருக்கோணும். வாய் வரேல்லை. அதுதான் சட்டத்தை விளங்கப்படுத்திக்கொண்டு...

பெர்னடெற்: இவ்வளவு நேரமும்?

சண்முகராசா: மன்னிச்சுக்கொள்ளும். ஒண்டு மட்டும் சொல்லுறன். அண்டைக்குப் பிடிபடாட்டிலும் திங்கக்கிழமை பிடிபட்டிருப்பான். அப்பவும் இதே பாரம்தான். பொலிஸ் எப்பிடி அந்தக் கேற்றுக்கு, அந்த நேரத்துக்குச் சரியா வந்தவை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

பெர்னடெற்: எங்கட கன்ரீனுக்கு மாசியில ஒரு பொலிஸ்காரி வந்து கஞ்சாச் சட்டம் பற்றி வகுப்பு எடுத்தவ, அண்ணை. உந்த ஒரு மணித்தியாலக் கணக்கெல்லாம் அப்பவே எனக்குப் பாடம். அவன் ஞாயிறு தவிர எந்த நாளும் அந்தக் கேற்றடியில நிக்கிறவன், ஆற்றையும் சொல் கேக்கிற மாதிரி இல்லை, பிடிபட்டால்தான் நிப்பான். பிடிபடுறதெண்டால் பாரம் குறைஞ்ச நாளில பிடிபடட்டும் எண்டு உங்கட கலண்டரைப் பாத்து நாள் எடுத்து, பொலிசுக்குப் போன் பண்ணினது நான்தான்.